சொந்தக் கதையை மேடையில் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை, முன்பின் தெரியாத ஐம்பது அறுபது பேர் முன்னால் நின்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கான பக்கம் இது. எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது. முதல்முறை சொல்ல வருகிறவர்களோடு உட்கார்ந்து கதையைச் சீர்செய்வது என் பொறுப்பு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல பதில்களில் ஒரே கதையைத் தொட்டுப் பேசியிருக்கிறேன். அதைச் சொன்ன பெண்ணும் அவருடைய அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்; ஊரும் பெயரும் தரவில்லை.

மேடைப்பேச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மேடைப்பேச்சில் கருத்து முன்னால் போகும். கதை அதற்குச் சான்றாகப் பின்னால் வரும். பட்டிமன்றத்தில் சொல்லப்படும் கதைகள் எல்லாம் ஏதோ ஓர் அணிக்குச் சாட்சி சொல்ல வந்தவை. சொந்தக் கதை சொல்லும்போது எந்த அணியும் இல்லை. நடந்ததுதான் முழுச் சரக்கும். அது யாருக்கு நடந்ததோ அவரே வந்து நின்று சொல்கிறார்.

இந்த வடிவத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக்கொடுத்தது நியூயார்க்கின் 'தி மாத்' அமைப்பு. ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர், ஜார்ஜியாவில் இரவு நேரத்தில் நண்பர்களோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதை பேசிய பழக்கத்தை நகரத்துக்குக் கொண்டுவர விரும்பி 1997இல் தொடங்கினார். அவர்களுடைய போட்டி இரவுகளின் விதிகள் எளிமையானவை: அன்றைக்கு ஒரு தலைப்பு, கதை உண்மையாக நடந்திருக்க வேண்டும், சொல்பவருக்கு நடந்திருக்க வேண்டும், கையில் குறிப்பு கூடாது, 5 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடச் சலுகை. சொல்ல விரும்புகிறவர்களின் பெயர்களிலிருந்து 10 பேரைக் குலுக்கி எடுப்பார்கள். எங்கள் கூட்டத்தின் விதிகளும் ஏறக்குறைய இவைதான். மதிப்பெண் மட்டும் எங்களிடம் கிடையாது. அம்மா இறந்ததைச் சொன்னவருக்கு ஏழரை மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

என் வாழ்க்கையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லையே?

நடந்திருக்கிறது. நீங்கள் பெரிய சம்பவமாகத் தேடுவதால் கண்ணில் படவில்லை. விபத்து, விருது, வெளிநாட்டுப் பயணம் என்று தேடாமல், ஒருவரை நீங்கள் அதுவரை பார்த்த விதம் மாறிப்போன நாள் ஏதாவது உண்டா என்று யோசியுங்கள். அது அரைமணி நேரச் சம்பவமாக இருந்தாலும் போதும்.

அந்தப் பெண் முதல்நாள் வந்து சொன்னது இவ்வளவுதான்: "காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப அம்மா ஒருநாள் லேட்டா வந்தாங்க, நான் சண்டை போட்டேன்." கேட்கக் கேட்க மீதி வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாஸ்டலுக்கு 17ஆம் நம்பர் டவுன் பஸ்ஸில் வர வேண்டும். மகள் ஒரு துண்டுச் சீட்டில் 17 என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அம்மா அந்தச் சீட்டை உயர்த்திப் பிடித்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியோடும் ஒத்துப்பார்த்திருக்கிறார். மகளுக்கு 7 எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடும் பழக்கம். பஸ்ஸில் இருந்த 7இல் கோடு இல்லை. வந்த 17களை எல்லாம் அம்மா விட்டுவிட்டார். கடைசியில் எப்படியோ வந்து சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. தோழிகள் முன்னால் மகள் கத்துகிறாள். அம்மா முந்தானையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டி, "நீ எழுதிக் குடுத்தது எந்த பஸ்லயும் இல்லடி" என்கிறார்.

இதை "லேட்டா வந்தாங்க" என்ற ஒரே வரியில் கடந்துவிடத் தெரிந்திருக்கிறது அவருக்கு. நம்மில் பலரும் அப்படித்தான் நம்முடைய நல்ல கதைகளைக் கடந்துபோகிறோம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஏதோ ஒன்று கைநழுவப்போகிற இடத்திலிருந்து. அந்தக் கதை இப்படித் தொடங்கியது: "ஹாஸ்டல் கேட்ல நின்னு வாட்ச்சைப் பார்க்கிறேன். மணி நாலே முக்கால். அஞ்சுக்கு கேட்டைப் பூட்டிருவாங்க." இரண்டு மூச்சில் இடம் வந்துவிட்டது, நேரம் வந்துவிட்டது, கவலையும் வந்துவிட்டது.

நம் மேடைப் பழக்கத்தில் முதல் இரண்டு நிமிடம் வணக்கத்துக்கே போய்விடுகிறது. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாய்ப்பளித்தவர், பிறகு "நான் பெரிய பேச்சாளர் இல்லை" என்ற அவையடக்கம். ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் இப்படிப் போனால் கதைக்கு என்ன மிஞ்சும்? உங்கள் பெயரைத் தொகுப்பாளர் சொல்லிவிடுவார். நீங்கள் மைக்கிடம் போய் நின்று, ஒரு மூச்சு எடுத்து, கதைக்குள் இறங்கிவிடுங்கள். இதை மரியாதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை. வந்து உட்கார்ந்திருப்பவர்களின் நேரத்தை மதிப்பதுதான் அவர்களுக்குச் செய்கிற பெரிய மரியாதை.

இன்னொரு முக்கியமான விஷயம் வரிசை. அம்மா பஸ் ஸ்டாண்டில் சீட்டை வைத்துக்கொண்டு நின்றது அந்த நேரத்தில் மகளுக்குத் தெரியாது. ஆகவே கேட்பவர்களுக்கும் தெரியக் கூடாது. முதல் ஒத்திகையில் அவர், "எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால பஸ் மாறிப்போச்சு" என்று ஆரம்பித்தார். அங்கேயே கதை முடிந்துவிட்டது. ஏழின் குறுக்குக்கோட்டை, சீட்டு அவர் கைக்கு வருகிற வரை ஒளித்து வைத்தோம். சபையும் அதுவரை அவரோடு சேர்ந்து அம்மாமேல் கோபப்பட்டது. சீட்டைப் பார்த்ததும் அவர் பட்ட கூச்சத்தைச் சபையும் சேர்ந்து பட்டது. அன்று உங்களுக்கு எது எப்போது தெரியவந்ததோ, அதே வரிசையில் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய உத்தி எனக்குத் தெரியாது.

எந்தத் தமிழில் பேசுவது? என் பேச்சு ரொம்ப 'லோக்கலாக' இருக்கும்.

வீட்டில் பேசுகிற தமிழில். திருநெல்வேலிக்காரர் "அவாள்ட்ட போயி கேட்டேன்லா" என்று சொன்னால்தான் அது அவர் கதை. மேடையேறியதும் "எனது தாயார் என்னைச் சந்திக்க வருகை புரிந்தார்" என்று மாறுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வாக்கியத்தில் வருகிற தாயாரை யாருக்கும் தெரியாது. "அம்மா என்னைப் பார்க்க வந்துச்சு" என்றால் எல்லோருக்கும் தெரியும். சபைக்கு அறவே விளங்காத வட்டாரச் சொல் வந்தால் ஓர் அசைவிலோ அடுத்த வாக்கியத்திலோ அதை விளங்கவைத்துவிட்டு நகருங்கள். நின்று பொருள் சொல்ல வேண்டியதில்லை.

மனப்பாடம் செய்யலாமா?

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் செய்யுங்கள். நடுவில் செய்யாதீர்கள். மனப்பாடமாக ஒப்பிப்பவர் ஒரு சொல் தவறினால் அப்படியே நின்றுவிடுவார். கண் மேலே போகும். சபை கதையை விட்டுவிட்டு அவருக்காகப் பதறத் தொடங்கும். அதற்குப் பதில், கதை நின்று நகர்கிற ஐந்தாறு இடங்களை மட்டும் மனத்தில் வையுங்கள்: கேட், கடிகாரம், அம்மா வருவது, கத்தியது, சீட்டு, பேனா. இடையில் வருகிற சொற்கள் ஒவ்வொரு தடவையும் மாறட்டும்.

ஒத்திகையைக் கண்ணாடி முன்னால் செய்வதால் பெரிய பயன் இல்லை. மனிதர்களிடம் சொல்லிப் பாருங்கள். டீக்கடையில் ஒருவர், ஆபீசில் ஒருவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். எந்த இடத்தில் அவர் கை போனுக்குப் போகிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள். எந்த இடத்தில் "அப்புறம்?" என்கிறாரோ அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கைக்கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்ப்பதும் முக்கியம். வீட்டில் நாலரை நிமிடம் வருகிற கதை, சபையின் சிரிப்பும் உங்கள் படபடப்பும் சேர்ந்து மேடையில் நீண்டுவிடும்.

அன்றைக்குப் பேசியது வரிக்கு வரி நினைவில்லை. நானாக வசனம் சேர்த்தால் பொய்யாகாதா?

நினைவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி மணிக்கு 34 மைல். அதே கேள்வியை 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் 40 மைலைத் தாண்டியது. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பலமான சொல்லைக் கேட்டிருந்தவர்களில், மற்றவர்களைவிட அதிகம் பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. பார்த்த பிறகு கேட்ட ஒரு சொல் நினைவுக்குள் புகுந்து இவ்வளவு செய்கிறது என்றால், இருபது வருடமாக நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதையில் எவ்வளவு செய்திருக்கும்!

ஆகவே அன்றைக்கு இருந்த இன்னொருவரிடம் கேளுங்கள். அந்தப் பெண் அம்மாவிடம் போய்க் கதையைச் சொன்னபோது அவர் சொன்ன முதல் திருத்தம், "மூணு பஸ் இல்ல, நாலு விட்டேன்." மேடையில் நாலு என்றே சொன்னார்.

நான் வைத்திருக்கிற எல்லை இது. நாள்களைச் சுருக்கலாம், தேவையில்லாத ஆள்களை விட்டுவிடலாம், பேசியதன் சாரத்தை அவர் பேசுகிற விதத்திலேயே வசனமாக்கலாம். நடக்காததை நடந்ததாகச் சொல்லக் கூடாது. இருவருக்கு நடந்ததை ஒருவருக்கு நடந்ததாக ஒட்டக் கூடாது. இல்லாத நோயையும் இல்லாத மரணத்தையும் சேர்ப்பது மன்னிக்க முடியாதது. "உண்மைக் கதை" என்று சொல்லித்தான் சபையின் மனத்தைத் திறக்க வைக்கிறோம். அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு கற்பனையைக் கொடுப்பது களவு.

என்னைப் பற்றித் தாழ்வாகத் தோன்றும் பகுதியை விட்டுவிடலாமா?

பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் கதை இருக்கிறது. அம்மா ஏன் பக்கத்தில் நின்றவரிடம் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சநேரம் பேசவில்லை. "யாரையும் கேக்காதம்மா, கேட்டா படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிரும்னு நான்தான் சொல்லியிருந்தேன்" என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது பஸ் தவறிய கதை. சொன்னதால் ஒரு மகள் அம்மாவைப் பற்றி வெட்கப்பட்ட கதை. மேடையில் அந்த வாக்கியத்தை அவர் எந்த அழுத்தமும் கொடுக்காமல் சொன்னார். அதுவே சரி. தன்னைத் திட்டிக்கொண்டு நாடகம் போட்டால் சபை "பரவாயில்லம்மா" என்று தேற்றத் தொடங்கும். செய்ததைச் செய்ததாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

குடும்பத்தாரை, நண்பர்களைப் பற்றிப் பேச அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். இதில் நான் கறாராக இருக்கிறேன். நடந்தது உங்களுக்குத்தான் என்றாலும் அதில் வருகிற மற்றவரின் மானம் அவருடையது. முன்பெல்லாம் சபையில் சொன்னது சபையோடு போகும். இன்று யாரோ ஒருவர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் உங்கள் சித்தப்பா வீட்டில் ஓடும்.

உயிரோடு இருப்பவர் என்றால் கதையை முழுதாக அவரிடமே ஒருமுறை சொல்லுங்கள். "உங்களைப் பத்திப் பேசப்போறேன்" என்று சொல்வது அனுமதி கேட்பது ஆகாது. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அவர் காதால் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேறு கதை கிடைக்கும். முன்னாள் கணவர், முன்னாள் முதலாளி போலக் கேட்க முடியாதவர் என்றால் ஊர், வேலை, அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றால் அந்தக் கதைக்கு இன்னும் காலம் வரவில்லை. குழந்தைகளின் கதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்து வயதில் சிரித்துக்கொண்டு சம்மதிக்கிற பிள்ளைக்குப் பதினைந்து வயதில் அதே வீடியோ வகுப்பறையில் எதிரே வந்து நிற்கும்.

சாதியால் பட்ட அவமானத்தையோ வீட்டுக்குள் நடந்த வன்முறையையோ சொல்ல வருகிறவர்களுக்கு இந்த விதியைக் காட்டி வாயை மூடச் சொல்ல மாட்டேன். அடித்தவரிடம் போய் அனுமதி வாங்கச் சொல்வது அநியாயம். அங்கே பார்க்க வேண்டியது உங்கள் பாதுகாப்பு: கூட்டத்தில் யார் வருகிறார்கள், பதிவு செய்யப்படுமா, சொன்ன பிறகு அன்றிரவு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறீர்கள். நடத்துபவர்களிடம் முன்கூட்டியே பேசி, பதிவை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

சொல்லும்போது அழுதுவிட்டால்?

கண் கலங்கினால் நில்லுங்கள், மூச்சு விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், தொடருங்கள். சபை காத்திருக்கும். ஆனால் தனியாக ஒரு நண்பரிடம் சொல்லும்போதே முடிக்க முடியாமல் போகிறது, சொன்ன அன்று தூக்கம் வரவில்லை என்றால், அதை இப்போது மேடைக்குக் கொண்டுவராதீர்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாத அந்நியர்கள்.

கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது. எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?

நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிகிற அளவைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். அது அவ்வளவாகத் தெரிவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள். அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் மேடையேறும் முன் நான் சொல்கிறேன். முதல் வாக்கியம் கைவசம் இருந்தால் முதல் அரை நிமிடம் தாண்டிவிடும். அதற்குள் கதை உங்களை இழுத்துக்கொள்ளும். கையில் தாள் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது அதுதான்.

மைக்கை எப்படிப் பிடிப்பது?

வாயிலிருந்து நாலு விரல் தூரம், தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள். முன்னாலிருந்து வரும் சத்தத்தை மட்டும் எடுப்பதற்காகப் பக்கத்தில் விட்டிருக்கிற துளைகளை அது அடைத்துவிடும். 'கீ' என்று ஊளையிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் அதே கதிதான். கூட்டம் தொடங்கும் முன்பே மைக் செட்காரரிடம் போய் இரண்டு வாக்கியம் பேசிப் பாருங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்தாமல், கதை சொல்கிற குரலிலேயே பேசுங்கள். அவர் அதற்கேற்ப வைத்துக்கொடுப்பார்.

சிரிக்கவைத்தே ஆக வேண்டுமா?

இல்லை. நடந்ததில் சிரிப்பு இருந்தால் அது தானாக வரும். வாட்ஸ்அப் துணுக்கைக் கொண்டுவந்து நடுவில் செருகாதீர்கள்.

சபை அமைதியாக இருந்தால் கதை எடுபடவில்லை என்று அர்த்தமா?

வீட்டில் பிள்ளைக்குக் கதை சொன்னால் அது 'ஊம்' கொட்டும். ஊம் நின்றால் தூங்கிவிட்டது என்று தெரியும். தெற்கே கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரி சொல்ல, குழுவில் இருப்பவர் "ஆமா" என்று வாங்கிக்கொள்வார். கதை சொல்லி வளர்ந்த நமக்கு அந்த எதிர்க்குரல் பழக்கம். இந்தக் கூட்டங்களில் அது கிடைக்காது என்பதால் சொல்பவர் மிரண்டுபோய் வேகத்தைக் கூட்டுகிறார். கூட்டாதீர்கள். 'ஊம்' விழ வேண்டிய இடத்தில் அந்த அளவுக்கு நேரம் விடுங்கள். முக்கியமான வாக்கியத்துக்குப் பிறகு ஒரு முழு மூச்சு. இருமல், நாற்காலிச் சத்தம், செல்போன் வெளிச்சம் மூன்றும் இல்லை என்றால் உங்களோடுதான் இருக்கிறார்கள்.

கருத்துச் சொல்லாமல் முடித்தால் மக்களுக்குப் புரியுமா?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு கதைக்கும் கீழே நீதி எழுதி வளர்ந்திருக்கிறோம். அதனால் அருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கூடக் கடைசி நிமிடத்தில், "ஆகவே நண்பர்களே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்" என்று தொடங்குகிறார். அந்த நொடியில் கதையை விட்டு வெளியே வந்து பிரசங்கம் செய்கிறார். அதுவரை ஹாஸ்டல் கேட்டில் நின்றுகொண்டிருந்த சபை, மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நம் மக்களுக்குப் புரியாது என்ற பயத்தில் நியாயமே இல்லை. கூத்தையும் கதாகாலட்சேபத்தையும் விடிய விடிய இருந்து கேட்ட ஊர் இது.

அந்தப் பெண் முதலில் எழுதிவந்த முடிவு, கல்வி எவ்வளவு முக்கியம் என்பது. உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல அவர் வர வேண்டியதில்லை. அன்றைக்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சீட்டைத் திருப்பி, பின்பக்கம் கோடு இல்லாம 17ன்னு எழுதிக் குடுத்தேன், திரும்பிப் போகணும்ல" என்றார். அதுதான் கடைசி வாக்கியம் ஆனது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து தன் அப்பாவின் கைநாட்டைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், மருமகளிடம் போனில் மெசேஜ் படிக்கச் சொல்லிக் கேட்கத் தயங்கும் தன்னைப் பற்றிப் பேசினார். கல்வியின் முக்கியத்துவம் என்று முடித்திருந்தால் இருவரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முடிவு தெரியவில்லை என்றால் இப்படித் தேடுங்கள்: எல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் செய்த முதல் காரியம் என்ன? அதைச் சொல்லுங்கள். நன்றி சொல்லி இறங்கிவிடுங்கள்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் தொடங்க என்ன வேண்டும்?

அதிகம் வேண்டாம். கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், இடம் கிடைக்கக்கூடும். நாற்காலிகளை நெருக்கமாகப் போடுங்கள். நூறு பேர் ஹாலில் சிதறி உட்கார்ந்த முப்பது பேரிடம் கதை சொல்வது கடினம். மேடை உயரமாக இருந்தால் கீழே இறங்கி நின்று சொல்லச் செய்யுங்கள். சால்வை, நினைவுப்பரிசு, தலைமையுரை மூன்றையும் முதல் நாளே தவிர்த்துவிடுங்கள். பின்னால் அவற்றை நிறுத்துவது கஷ்டம். ஐந்து நிமிடம் ஆனதும் மெல்ல மணியடிக்க ஒருவர் வேண்டும். அவர் எம்.எல்.ஏ. பேசினாலும் அடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

முதல் மாதம் ஆறு பேர் போதும். முதல் கதையைக் கூட்டம் நடத்துபவரே சொல்லட்டும். அவர் மனம்விட்டுச் சொன்னால் மற்றவர்களுக்கும் துணிவு வரும். கடைசிக் கதை முடிந்ததும் ஹாலைப் பூட்ட அவசரப்படாதீர்கள், வாட்ச்மேனிடம் முன்பே சொல்லி அரைமணி நேரம் கூடுதலாக வாங்கிவையுங்கள். கேட்டவர்கள் சொன்னவர்களைத் தேடிப்போய்த் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அடுத்த மாதத்துக்கான பெயர்களை அந்த நேரத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.